தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல்: குடும்பத்தோடு கார் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெள்ளிக்கிழமை ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வரும். “சண்டே எங்கயாவது கடற்கரைக்குப் போலாமா? பிள்ளைகள் கேட்டுட்டே இருக்காங்க.” அடுத்த பத்து நிமிடத்தில் வரும் பதில்களும் நமக்குத் தெரிந்தவைதான். திருச்செந்தூர், கன்னியாகுமரி, மணப்பாடு. யாராவது ஒருவர் இன்ஸ்டாகிராம் ரீல் ஒன்றை அனுப்புவார்: “இங்க போலாம், கூட்டமே இருக்காது.”

அப்படி அண்மைக் காலமாகக் கண்ணில் படும் பெயர்களில் ஒன்று புன்னக்காயல். திருநெல்வேலிக்காரர்கள் தினமும் குடிக்கும் தாமிரபரணி, கடைசியாகக் கடலில் கலக்கும் ஊர். பெரிய ஹோட்டல் கிடையாது, டிக்கெட் கவுன்டர் கிடையாது. ஆறு, கடல், அலையாத்தி மரங்கள், மீன்பிடிப் படகுகள், சுமார் 500 ஆண்டு வரலாறு. ஒரு நாள் பயணத்துக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் குறைவு.

ஆனால் அழகான கழிமுகம் எதுவும் பாதுகாப்பான குளியல் இடம் அல்ல. கூட்டம் இல்லாத கடற்கரை என்றால், ஏதாவது ஆனால் ஓடிவர ஆளும் இல்லை என்று அர்த்தம். போவது எப்படி, பார்ப்பது என்ன, தவிர்க்க வேண்டியது எது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புன்னக்காயல் எங்கே இருக்கிறது?

தூத்துக்குடி மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவின் கரையில். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கி.மீ. ஓடி இங்கேதான் கடலைச் சேர்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பிறந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே கடலில் கலக்கும் ஆறு இது.

புன்னை மரம் தெரியும். கடற்கரைகளில் வளரும், வெள்ளைப் பூ பூக்கும். காயல் என்றால் கடலை ஒட்டி நீர் தேங்கி நிற்கும் பகுதி. இரண்டும் சேர்ந்ததுதான் ஊரின் பெயர். பக்கத்திலேயே பழையகாயல், காயல்பட்டினம் என்று இன்னும் இரண்டு ‘காயல்’கள் உண்டு. மேப்பில் தேடும்போது பெயரைச் சரியாகப் பாருங்கள். ‘காயல்’ என்று மட்டும் தட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய் நிற்க வாய்ப்புண்டு.

எப்படிப் போவது?

தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில் ஆத்தூர் வரை வந்து, அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கிப் பிரிய வேண்டும். தூத்துக்குடியிலிருந்து சுமார் 30 கி.மீ., திருச்செந்தூரிலிருந்து சுமார் 20 கி.மீ. திருநெல்வேலியிலிருந்து ஐம்பது, அறுபது கி.மீ. இருக்கும். சொந்தக் கார் இருந்தால் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வழியில் நின்று நின்று போனாலும் பத்து மணிக்குள் சேர்ந்துவிடலாம்.

தூத்துக்குடி வழியாக வந்தால் சாலையோரம் உப்பளங்கள் வரும். பாத்தி பாத்தியாகக் கடல்நீர், கரையில் வெள்ளைக் குவியல்கள். பிள்ளைகளுக்கு ‘உப்பு எங்கிருந்து வருது’ என்று காட்ட இதைவிட நல்ல வகுப்பறை இல்லை. குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. ஆனால் உப்பளம் என்பது வெயிலில் ஆட்கள் உழைக்கும் இடம். பாத்தி வரப்பில் ஏறி நின்று போட்டோ எடுக்க வேண்டாம். சாலையில் இருந்தே பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆறே வழிகாட்டி. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர், ஆற்றுக்கு அக்கரையில் ஸ்ரீவைகுண்டம், பிறகு நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி. நவதிருப்பதிகள் எல்லாம் இந்தப் பட்டையில்தான். ஒரே நாளில் அத்தனையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். பாட்டி, தாத்தா கூட வந்தால் ஒரு கோயில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஆதிச்சநல்லூர். அங்கே 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அகழாய்வுத் தள அருங்காட்சியகத்தில், தோண்டிய குழிக்குள் தாழிகள் இருந்தபடியே இருப்பதை மேலே நின்று பார்க்கலாம்.

ஒரு துறைமுகம் ஏன் ஊர் மாறிக்கொண்டே இருந்தது?

இந்தப் பகுதியின் கதையைப் புரிந்துகொள்ள ஒரு சொல் போதும்: மணல்.

பாண்டியர்களின் பழைய துறைமுகம் கொற்கை. கிரேக்க, ரோமானியப் பயணக் குறிப்புகளில் ‘கொல்கி’ என்று வருவது இதுதான். இன்று கொற்கைக்குப் போனால் கடலைக் காணோம். ஆறேழு கி.மீ. தள்ளிப் போய்விட்டது. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய மண்ணும் மணலும் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டன.

கொற்கை போனதும் வணிகம் கடலை நோக்கி நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ பார்த்து எழுதிய ‘காயல்’ இன்றைய பழையகாயல் என்று அடையாளம் காட்டியவர் ராபர்ட் கால்டுவெல். அதுவும் தூர்ந்தது. அடுத்து வந்ததுதான் புன்னக்காயல். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் முத்துக்குளித்துறையில் காலூன்றியபோது அவர்களின் முக்கிய தளமாக இருந்தது இந்த ஊர். அவர்களின் கடிதங்களில் ‘புனிக்காலே’ என்று வரும். பிறகு அந்த இடம் தூத்துக்குடிக்குப் போனது. முத்துக்குளிப்பும் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை.

கொற்கையிலிருந்து பழையகாயல், பழையகாயலிலிருந்து புன்னக்காயல், அங்கிருந்து தூத்துக்குடி. நாலு ஊரையும் காரில் ஒரே நாளில் சுற்றிவிடலாம். அதாவது, ஒரு ஆறு பல நூற்றாண்டாகக் கடலைத் தள்ளிக்கொண்டே போன பாதையை ஒரு பகலில் கடந்துவிடலாம்.

இந்த மணலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு பற்றிப் பேசும்போது மறுபடி வருவோம்.

தமிழ் அச்சுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

போனில் தமிழ் படிக்கும் நமக்கு, தமிழ் அச்சேறிய கதையில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும். அன்றீக் அடிகளார் என்று அழைக்கப்படும் அன்றீக் அன்றீக்கஸ் 1546 வாக்கில் இந்தியா வந்த போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி. புன்னக்காயலைத் தளமாகக் கொண்டு பல ஆண்டுகள் வேலை செய்தார். தமிழை முறையாகக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே ஒரு மருத்துவமனையும் இயங்கியது.

அவர் தமிழில் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. 16 பக்கம்தான். இந்த அச்சு முயற்சிக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கடற்கரையின் பரதவ மக்கள். 1586-இல் வந்த பெரிய நூலான ‘அடியார் வரலாறு’ புன்னக்காயலிலேயே அச்சானது என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். அவர் 1600-இல் இறந்தார்.

அச்சுக்கூடம் இருந்த கட்டடத்தைத் தேடாதீர்கள். கோட்டையும் இல்லை. ஊரும் ஆறும் இருக்கின்றன, அதே மக்களின் வாரிசுகள் இருக்கிறார்கள்.

சரி, தண்ணீரில் இறங்கலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. நேரடிப் பதில்: கழிமுகத்தில் குளிக்க வேண்டாம். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் கடற்கரைப் பக்கம், பெரியவர் கை பிடித்தபடி.

ஏன்? நாலு காரணங்கள்.

முதலாவது, மணல் திட்டு. ஆறு கொண்டுவரும் மணலும், அலை தள்ளிவரும் மணலும் முகத்துவாரத்தில் மோதி மேடாகின்றன. அந்த மேடு நிலையானது அல்ல. போன மாதம் முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இந்த மாதம் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம். ‘போன தடவை இங்கதான் குளிச்சோம், ஒண்ணும் ஆகல’ என்பது கழிமுகத்தில் செல்லாத வாதம். துறைமுகங்களையே மூடிய அதே மணல்தான் இது.

இரண்டாவது, வற்றம். கடல் ஏறும்போது ஆற்றுக்குள் தண்ணீர் வரும்; இறங்கும்போது அத்தனை தண்ணீரும் குறுகலான வாய் வழியாக வெளியே பாயும். மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் குறுகிய வாயில் அதன் வேகம், நீச்சல் தெரிந்த பெரியவரையும் இழுத்துப் போகும். மேலே பார்க்கத் தண்ணீர் சாதுவாகத்தான் தெரியும்.

மூன்றாவது, கலங்கல். ஆற்று வண்டல் கலந்த நீரில் கால் எங்கே படுகிறது என்று தெரியாது. மூழ்கிய குழந்தையைத் தேடுவதும் கஷ்டம்.

நாலாவது, அடிப்பகுதி. அலையாத்திப் பகுதியில் சேறு காலைப் பிடிக்கும். சிப்பி ஓடுகள் கிழிக்கும். பழைய வலையும் கயிறும் கிடக்கும்.

இழுப்பில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. அதில்தான் பலம் போகும். மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் கத்துங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, பிறகு கரையேறுங்கள். காப்பாற்றப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான விதி உண்டு: வெறும் கையோடு பாயாதீர்கள். மூடி போட்ட காலித் தண்ணீர் கேன், கயிறு, துப்பட்டா என்று எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு, மூன்று பேர் இறந்த செய்திகளை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்!

‘கள்ளக்கடல்’ என்றால் என்ன?

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே உள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். புயல் இல்லை, மழை இல்லை. அந்த நாட்களில் கடல் சீற்ற எச்சரிக்கை மட்டும் நடப்பில் இருந்தது.

இந்த மாதிரிச் சீற்றத்துக்குத்தான் கேரள மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். இப்போது உலக விஞ்ஞானிகளும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நடப்பது இதுதான். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ பலத்த காற்று வீசுகிறது. அது எழுப்பும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கி.மீ. பயணம் செய்து சில நாள் கழித்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் சாதாரணமாக இருக்கும். பத்து நிமிடம் சாதுவாக இருந்த கடல் திடீரென்று கரையேறி, திரும்பும்போது நிற்பவர்களை வாரிக்கொண்டு போகும்.

நல்ல செய்தி, இதை முன்கூட்டியே கணிக்க முடியும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தின இரவு வானிலை ஆப்பில் மழை வருமா என்று பார்க்கிறோம் இல்லையா? அதோடு இன்காய்ஸ் பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு எச்சரிக்கை இருந்தால், அன்றைக்குக் கோயில், அருங்காட்சியகம், சாப்பாடு என்று பிளானை மாற்றிக்கொள்ளுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது.

படகில் ஒரு ரவுண்டு போகலாமா?

அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கரையில் நிற்கும் ஃபைபர் படகைப் பார்த்து, ‘அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா’ என்று கேட்கத் தோன்றும்.

கேட்பதற்கு முன் மணப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரி இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பக்கம் சுற்றுலா வந்த உறவினர்கள் மணப்பாடு கடலில் மீன்பிடிப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். காலையில் கோயில், மத்தியானம் கடல் என்று நம்மைப் போலவே கிளம்பி வந்த குடும்பம்தான்.

மீன்பிடிப் படகு வலைக்கும் மீனுக்கும் கணக்குப் போட்டுக் கட்டியது. ஆட்களை ஏற்றிப்போக அதற்கு அனுமதி கிடையாது. மீனவர் நாலு பேர் ஏறினால் எங்கே நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நாம் பதினைந்து பேர் ஏறி, செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தக் கணக்கு உடைந்துபோகும். அதுவும் மணல் திட்டின் மேல் அலை உடையும் முகத்துவாரத்தில்.

ஆகவே விதி எளிது. அரசு அனுமதி பெற்ற சுற்றுலாப் படகு, ஆளுக்கொரு உயிர்காக்கும் அங்கி, குழந்தைக்குக் குழந்தை அளவு அங்கி. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் ஏறாதீர்கள். அவர்களை வற்புறுத்தவும் வேண்டாம். ஐந்நூறு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று நாம் சொல்வது, ஒரு மீனவரின் படகையும் பிழைப்பையும் சேர்த்துப் பணயம் வைப்பது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கூட்டிப்போவதாக யாராவது சொன்னாலும், அனுமதி இல்லாமல் தீவில் கால்வைப்பது குற்றம்.

எப்போது போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வெயில் தாங்கும், அலையாத்திப் பகுதி பசுமையாக இருக்கும். ஏப்ரல், மே விடுமுறையில் போனால் காலை பத்து மணிக்குள் கடற்கரையை முடித்துவிடுங்கள். ஜூன் முதல் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை எச்சரிக்கை தேவை. 2023 டிசம்பர் 17, 18-ஐ இந்தப் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. மாவட்டத்தின் ஓராண்டு சராசரியே அவ்வளவு கிடையாது. தாமிரபரணி கரை புரண்டது. ஆற்றின் கடைசியில் இருக்கும் புன்னக்காயல் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. கடைசிப் பயணிகள் மீட்கப்பட இரண்டு நாள் ஆனது. அதுவரை அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டிலும் அன்றைக்கு வெள்ளம்தான்.

மழைக்காலத்தில் சிவப்பு, ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் கிளம்பாமல் இருப்பதே நல்லது. கடலோரத்தில் மழை இல்லாவிட்டாலும், பாபநாசம் பக்கம் அணை திறந்திருந்தால் அந்தத் தண்ணீர் வந்து சேரும் இடம் இதுதான்.

ஊரில் எப்படி நடந்துகொள்வது?

இது கத்தோலிக்க மீனவர் கிராமம். ஞாயிறு இவர்களுக்கு ஆலயத்துக்கான நாள். பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே ‘சண்டே ஃப்ரெஷ் மீன் வாங்கலாம்’ என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மீன் வேண்டும் என்றால் சனிக்கிழமை காலை வாருங்கள்.

காரை வலை காயும் இடத்திலோ படகு இழுக்கும் பாதையிலோ நிறுத்தாதீர்கள். வலை பின்னுகிற பெரியவரை, மீன் விற்கிற அம்மாவைப் போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். பிளாஸ்டிக் தட்டு, பாட்டிலை காரிலேயே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கழிமுகத்தில் வீசுவது நேராகக் கடலுக்குள் போகிறது. சரக்கு பாட்டிலோடு வந்து ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்க வேண்டாம். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவது எங்கே முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் ஆத்தூரிலோ திருச்செந்தூரிலோ முடித்துக்கொள்ளுங்கள். ஆத்தூரில் வெற்றிலை வாங்க மறக்காதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது.

அங்கிருந்து எங்கே?

தெற்கே கடலோரமாகவே போகலாம். காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்கள், திருச்செந்தூர் முருகன் கோயில், தசராவுக்குப் பெயர்போன குலசேகரன்பட்டினம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் இங்கேதான். உடன்குடியில் கருப்பட்டி, மணப்பாட்டில் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், அப்புறம் உவரி. கந்த சஷ்டி, வைகாசி விசாகம், தசரா நாட்களில் மட்டும் இந்தப் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். பாதி நாள் டிராஃபிக்கிலேயே போய்விடும்.

கார் டேஷ்போர்டில் எழுதி வைக்க வேண்டிய எண்கள் மூன்று: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108. ஒரு காலித் தண்ணீர் கேனும் பத்து மீட்டர் கயிறும் டிக்கியில் கிடக்கட்டும்.

குடும்ப குரூப்பில் லொகேஷனை ஷேர் பண்ணும்போது இன்னும் மூன்று வரி சேர்த்து அனுப்புங்கள். ‘இன்காய்ஸ் பார்த்தாச்சு. கழிமுகத்தில் குளியல் கிடையாது. மீன்பிடிப் படகில் ஏற மாட்டோம்.’ சின்னப் பசங்க முகம் சுளிப்பார்கள், சித்தப்பா ‘நாங்க பாக்காத கடலா’ என்பார். பரவாயில்லை. போன அத்தனை பேரும் ராத்திரி வீட்டுக்கு வந்து, காலில் ஒட்டிய மணலைத் திண்ணையில் தட்டிவிட்டு உள்ளே போனால், அதுதான் நல்ல டூர்.